அறை வாசித்த அறிவித்தல்

இது நடந்தது. முதலிலேயே சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என்னைத் தெரிந்தவர்கள் நம்பமாட்டார்கள். நாவற்குழிப் பாலத்துக்குக் கீழே முதலையை வெறுங்கையால் பிடித்தேன் என்று நான் சொன்னது பொய். என்ரை கோழி வெள்ளிக்கிழமைகளில் இரட்டைக்கரு முட்டை இடும் என்பது பாதிப் பொய். சில வெள்ளி தவறும். இது அப்படியில்லை. இதில் நான் ஒன்றும் கூட்டவில்லை. கூட்டுவதற்கு இடமும் இருக்கவில்லை.

என்ரை பெயர் இராசசிங்கம். ஊர் உடுவில். செத்தவர்களின் பெயரை வாசிப்பது தொழில். எங்கள் பக்கத்தில் ஒருவர் கண்ணை மூடினால், ஓட்டோவுக்கு மேலே ஒலிபெருக்கியைக் கட்டி, ஒழுங்கை ஒழுங்கையாக மரண அறிவித்தல் சொல்லிக்கொண்டு போவார்கள். குரல் என்னுடையது. ஓட்டோ எமில்ராஜினுடையது. அவன் ஓட்டுவான், நான் வாசிப்பேன். எத்தனையோ வருசம் அப்படித்தான் போனது. எங்கள் ஓட்டோவைக் கண்டால் சின்னப்பிள்ளைகள் வீட்டுக்குள் ஓடுவார்கள், பெரியவர்கள் வெளியே வருவார்கள்.

போன வருசம் மாசி மாதம் யப்பானில் இருந்து ஒரு பாட்டுக் குழு வந்தது. குழு என்றால் இரண்டு பேர். தொமொயே என்று ஒரு பெண். அவ பாடுகிறவ. சுசுமு என்று ஒரு ஆண். அவர் மேளம் அடிக்கிறவர். புதுப் பாட்டு அல்பம் ஒன்று செய்ய வந்தார்கள். அந்த அல்பத்தில் தொமொயே பாடமாட்டாவாம். சுசுமு அடிக்கமாட்டாராம். அப்படியென்றால் அதில் என்ன இருக்கும் என்று கேட்டேன். அறை என்றார்கள்.

இடையில் நின்று கதைத்தவள் உதயகலா. இணுவில் பிள்ளை. யப்பானில் முதியோர் இல்லமொன்றில் பல வருசம் வேலை செய்துவிட்டுத் திரும்பி வந்தவள். அவள்தான் எனக்கு விளங்கப்படுத்தினாள்.

ஆளில்லாத வீட்டில் ஒரு வெறும் அறையை எடுப்பது. நடுவில் மைக்கை வைத்துவிட்டு எல்லோரும் வெளியே போவது. அறை தனியே இருக்கிற சத்தத்தைப் பதிவது. பிறகு அந்தப் பதிவை அதே அறைக்குள் ஒலிபெருக்கியில் போட்டு, அதைத் திரும்பவும் பதிவது. அதைப் போட்டு இன்னொருமுறை பதிவது. இப்படியே போவது.

"துணியைத் தோய்க்கத் தோய்க்கச் சாயம் போகுமெல்லே அண்ணை," என்றாள். "காகம் கத்தினது, காத்து அடிச்சது எல்லாம் ஒவ்வொரு முறையும் தேஞ்சு தேஞ்சு போயிடும். கடைசியிலை அறையின்ரை சொந்தச் சத்தம் மட்டும் மிஞ்சும். அதுதான் இவைக்கு வேணும்."

"எடுத்து?"

"கேக்கிறது."

நல்லது என்றேன்.

உரும்பிராயில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டின் திறப்பு என்னிடம் இருந்தது. சொந்தக்காரர் கனடாவில். தளபாடம் ஒன்றும் இல்லை. நடு ஹோல் பெரியது, யன்னல்கள் சாத்தியபடி. தொமொயே செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே போய், கையை ஒருமுறை தட்டிப் பார்த்தா. பிறகு அறைக்குக் குனிந்து வணக்கம் சொன்னா. நானும் சொன்னேன். மரியாதைக்குத்தான்.

பதிவு மத்தியானத்தில். இரவில் நாய் குரைக்கும், விடியக் கோயில் ஒலிபெருக்கி தொடங்கிவிடும். சாப்பிட்டுவிட்டு ஊர் படுக்கிற நேரந்தான் எங்கள் பக்கத்தில் அமைதி. ஆனாலும் தோட்டக் கிணறுகளில் மோட்டர் ஓடும். அதை நிற்பாட்டுவது என்ரை வேலை. பக்கத்துக் காணி தம்பிராசாவிடம் போனேன். அவர் வெங்காயத்துக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டு நின்றார்.

"ஆர் செத்தது?" என்றார் என்னைக் கண்டதும்.

"ஒருத்தரும் இல்லை. உங்கடை மோட்டரைக் கொஞ்ச நேரம் நிப்பாட்டவேணும். பக்கத்து வீட்டின்ரை சத்தத்தைப் பதியினம்."

"அங்கை ஆளில்லையே."

"ஓம். அதுதான் பதியினம்."

"ஏன், யப்பானிலை ஆளில்லாத வீடு இல்லையோ?"

"இருந்ததாம். எல்லாம் பதிஞ்சு முடிஞ்சுதாம்."

அவர் மண்வெட்டியைக் கீழே வைத்தார். பிறகு மோட்டரை நிற்பாட்டினார்.

முதல் நாள். மைக் அறைக்குள். கதவு சாத்தியாயிற்று. கதவுக்குக் கீழால் வயர் வெளியே வருகிறது. நாங்கள் முன் போர்ட்டிக்கோவில், சுசுமுவின் பதிவு செய்கிற பழைய ரேப் மெசினைச் சுற்றி. எமில்ராஜ் தன்ரை ஓட்டோவுக்குள் காலை வெளியே நீட்டிக்கொண்டு படுத்திருந்தான். அவன்தான் அவர்களை ஒவ்வொரு நாளும் ஏற்றி இறக்குகிறவன்.

ஒருவரும் கதைக்கவில்லை. வெயில். ஒரு காகம். அவ்வளவுதான்.

பிறகு பதிந்ததைப் போட்டுக் கேட்டோம். காகம் இருந்தது. பல்லி சொன்னது இருந்தது. வெயிலுக்குக் கூரைத் தகரம் ஒருமுறை டக் என்றது. கடைசியில் எங்கோ தூரத்தில்... ஒலிபெருக்கி. ஓட்டோவில் போகிற மாதிரி. சொல் ஒன்றும் விளங்கவில்லை.

சுசுமு முகத்தைச் சுளித்தார். உதயகலா எமில்ராஜிடம் கேட்டாள்.

"இண்டைக்கு ஒரு அறிவித்தலும் இல்லையே தங்கச்சி," என்றான் அவன். "இருந்தா எங்களையெல்லோ கூப்பிட்டிருப்பினம். நாங்கள் ரெண்டு பேரும் இஞ்சைதானே இருக்கிறம்."

அதுதான். நாங்கள் எல்லோரும் போர்ட்டிக்கோவிலேயே இருந்தோம். ரோட்டால் ஒன்றும் போகவில்லை. எங்கள் காதுக்கு ஒலிபெருக்கி கேட்கவேயில்லை. ரேப்புக்கு மட்டும் கேட்டிருக்கிறது.

தூரத்துச் சத்தம் காற்றில் வரும், மைக் நல்ல மைக் என்று சொல்லிக்கொண்டேன். எப்படியும் அது தேய்ந்து போகும் என்றார் சுசுமு.

இரண்டாம் நாள். பழைய பதிவை அறைக்குள் போட்டுத் திரும்பப் பதிந்தார்கள். கேட்டோம்.

காகம் மங்கிவிட்டது. பல்லி இல்லை. தகரம் இல்லை. எல்லாம் ஒரே இரைச்சலாகக் கரைந்திருந்தது. சரிதான்.

ஒலிபெருக்கி கரையவில்லை.

கிட்ட வந்திருந்தது.

சுசுமு மெசினை நிற்பாட்டி, வயர்களைப் பார்த்து, திரும்பப் போட்டார். அதே மாதிரித்தான். நடுவில் இரண்டு சொல் விளங்கியது. "...அன்பு மகனும்..." அவ்வளவுதான். மரண அறிவித்தல். எத்தனை ஆயிரம் தரம் நான் வாசித்த சொல். பழைய அறிவித்தல் ஏதோ இந்தச் சுவர்களில் ஒட்டிக்கொண்டு நிற்கிறதாக்கும் என்று நினைத்தேன். அப்படி ஒன்று நடக்குமா என்று தெரியாது. அந்த நேரத்தில் அது ஆறுதலாக இருந்தது.

மூன்றாம் நாள் திரும்பவும் பதிந்த பிறகு, காதில் மாட்டிக் கேட்கிற காதுப்பொறி ஒன்று எனக்கும் தந்தார்கள். உதயகலாவுக்கும்.

குரல் இப்போது ரோட்டில் இல்லை. அறைக்குள் இருந்தது. மைக்குக்கு முன்னால் ஒருவர் நின்று வாசிக்கிற மாதிரி. தாள் அசைகிற சத்தம் கேட்டது. ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் மூக்கால் ஒரு சின்ன மூச்சு.

அந்த மூச்சை எனக்குத் தெரியும்.

உதயகலா காதுப்பொறியைக் கழற்றினாள்.

"அண்ணை, உது உங்கடை குரல்."

"ஓம்."

"எப்ப வாசிச்சனியள்?"

"வாசிக்கேல்லை."

அவள் திரும்ப மாட்டிக்கொண்டாள். நானும்.

"...காலஞ்சென்றவர்களான சூசைப்பிள்ளை, றெஜினா தம்பதிகளின் அன்பு மகனும்..."

சூசைப்பிள்ளைக்கு நான் வாசித்திருக்கிறேன். றெஜினாவுக்கும் வாசித்திருக்கிறேன். அவர்களுக்கு ஒரே மகன்.

நான் ஓட்டோவைப் பார்த்தேன். இரண்டு கால் வெளியே நீட்டிக்கொண்டு இருந்தது. ஒரு காலில் ஈ இருந்தது. கால் அசையவில்லை. பிறகு அசைந்தது.

"...கிறிஸ்ரினாவின் பாசமிகு கணவரும், நிரோஜாவின் அன்புத் தந்தையும்..."

பெயர் வந்தது. எமில்ராஜ் அவர்கள். இன்று காலமானார்.

இன்று.

வாசிக்கிறவனுக்குத் தெரியும், இந்த அறிவித்தலில் திகதி இருக்காது. இன்று, நேற்று, நாளை என்றுதான் இருக்கும். ஓட்டோ ஓடுகிற நாள்தான் திகதி.

எனக்குப் பயம் வரவில்லை. கை மரத்துப்போகும் தெரியுமா, மேலே தலையை வைத்துப் படுத்தால். உள்ளே அப்படி இருந்தது. இன்னும் ஒரு வரி இருந்தது. கேட்டேன்.

"...மதுஷாவின் ஆசை அம்மப்பாவும் ஆவார்."

எனக்கு மூச்சு வந்தது. எமில்ராஜுக்குப் பேரப்பிள்ளை இல்லை. மகள் நிரோஜா மட்டக்களப்பில் கலியாணம் கட்டி ஏழு வருசம், பிள்ளை இல்லை. மதுஷா என்று ஒருத்தியும் இல்லை. அப்படியென்றால் அறிவித்தல் பிழை. பிழையான அறிவித்தலுக்கு ஆரும் சாகத் தேவையில்லை.

தொமொயே என்னைப் பார்த்தபடி உதயகலாவிடம் ஏதோ கேட்டா.

"என்ன சொல்லுது எண்டு கேக்கிறா அண்ணை."

"மீன் விக்கிற ஆள் எண்டு சொல்லு."

அவள் காதுப்பொறியை மடியில் வைத்தாள். பிறகு சொன்னாள். தொமொயேவுக்கு நல்ல சந்தோசம். அந்தப் பதிவுத் துண்டுக்கு மத்தியான மீன்காரன் என்று அப்போதே பெயர் வைத்துவிட்டா. சுசுமு மட்டும் மெசினைத் தடவிக்கொண்டு இருந்தார். தேய வேண்டியது எப்படித் தெளிகிறது என்று அவருக்கு விளங்கவில்லை. ஆனால் அவர்களின் தொழிலில் விளங்காதது வந்தால் அதுதான் நல்லதாம்.

ரேப்பை எடுத்துக்கொண்டு அவர்கள் யப்பான் போனார்கள். அல்பத்தை அங்கே வைத்து முடிக்கப் போகிறார்களாம்.

"எமில் அண்ணைக்குச் சொல்லுவமோ?" என்று உதயகலா கேட்டாள்.

"சொன்னால் எப்ப எண்டு கேப்பான். எப்ப எண்டு சொல்லுறது?"

அவள் சைக்கிளை எடுத்துக்கொண்டு இணுவிலுக்குப் போய்விட்டாள்.

நான் வாசிப்பதை நிற்பாட்டினேன். குரல் என்னுடையது. நான் வாசிக்காவிட்டால் அந்த அறிவித்தல் எப்படி ஓடும்? தொண்டை சரியில்லை என்று எமில்ராஜுக்குச் சொன்னேன்.

"உங்களுக்குத் தொண்டை சரியில்லையோ?" என்றான். "நேற்றுச் சந்தியிலை மரக்கறிக்காரனோடை கத்திக்கொண்டு நிண்டியள். கோண்டாவில் வரைக்கும் கேட்டது."

"அதிலைதான் போனது."

"நான் செத்தா ஆர் அண்ணை வாசிக்கிறது?"

"நீ முதல் செத்துப் பாரன். பிறகு யோசிப்பம்."

சிரித்தான். நானும் சிரித்தேன். என்ரை வாய் சிரித்தது என்று சொன்னால் சரி.

ஆவணியில் அவன் வீட்டுக்கு வந்தான். கையில் கேக் பெட்டி. முகம் முழுக்கப் பல்.

"அண்ணை, நிரோஜாவுக்குப் பிள்ளை பிறந்திட்டுது. பெட்டைப் பிள்ளை."

வயிற்றில் இருக்கும்போது ஒருவருக்கும் சொல்லவில்லையாம். முன்னம் இரண்டு தரம் தங்காமல் போனதால் வெளியில் சொல்லப் பயமாம்.

கேக் துண்டைக் கையில் எடுத்தேன். "பேர் வைச்சாச்சோ?"

"இன்னும் ஞானஸ்நானம் குடுக்கேல்லை."

"எஸ்தர் எண்டு வை. நல்ல பேர். ரூத் எண்டு வை. சின்னப் பேர், கூப்பிடச் சுகம்."

"மருமோன் பகுதி சொல்லிப்போட்டினம் அண்ணை. பதிஞ்சும் ஆச்சு."

நான் கேட்கவில்லை. அவனாகவே சொன்னான்.

"மதுஷா."

நல்ல பெயர் என்றேன். கேக்கைச் சாப்பிட்டேன். அதுக்கு ஒரு ருசியும் இருக்கவில்லை.

"அடுத்த மாசம் இஞ்சை கூட்டிக்கொண்டு வருவினம்," என்றான். "நான் இன்னும் தூக்கேல்லை. போனிலைதான் பாத்தனான். என்ரை அம்மாவின்ரை மூக்கு."

அவன் போன பிறகு கனநேரம் யோசித்தேன். மதுஷா பிறந்துவிட்டாள். அதை என்னால் ஒன்றும் செய்ய ஏலாது. மிச்சம் இருப்பது என்ரை குரல்தான். வாசிக்காமல் இருந்தால் காணாது. வாசிக்க ஏலாமல் இருக்கவேண்டும்.

யாழ்ப்பாணத்தில் ஒரு பல் வைத்தியரிடம் போனேன். இளம் ஆள். என்ரை வாயைத் திறந்து பார்த்தார்.

"முன்பல்லு எல்லாம் நல்லாத்தானே இருக்கு ஐயா. ஏன் பிடுங்கவேணும்?"

"பாவிக்கிறேல்லை."

அவருக்கு அது பிடிக்கவில்லை. என்றாலும் நாள் தந்தார். முன்பல் போனால் என்ரை பழைய குரல் போய்விடும். காற்றுத்தான் வரும். ஒலிபெருக்கியில் கேட்டால் ஒருவருக்கும் விளங்காது. அந்த ரேப்பில் இருந்தது நல்ல பல்லோடு வாசித்த குரல். நான் கவனமாகக் கேட்டவன்.

அந்த நாள் வந்தது. மத்தியானம். கதிரையில் சாய்த்தார்கள். மேலும் கீழும் ஊசி போட்டார்கள். கன்னம் விறைத்தது. நாக்கு விறைத்தது. உதடு என்னுடையதா என்று தொட்டுப் பார்த்தேன், தெரியவில்லை.

அப்போது போன் அடித்தது.

உதயகலா.

"அண்ணை, சுசுமு இப்பத்தான் கதைச்சவர். அல்பத்தை முடிக்கிறதுக்கு இண்டைக்கு ரேப்பைப் போட்டுப் பாத்தவையாம். அந்தக் குரல் இல்லையாம்."

வாய் விறைத்துக் கிடந்தது. ஒன்றும் சொல்ல ஏலாது.

"காலமை இருந்ததாம். இப்ப இல்லையாம். அழிஞ்ச மாதிரியும் இல்லையாம்... எழும்பிப் போன மாதிரி எண்டுறார். வெறும் அறைதான் கேக்குதாம். அண்ணை? கேக்குதோ? ஓம் எண்டாவது சொல்லுங்கோ."

மூக்கால் ஒரு சத்தம் போட்டேன்.

"அப்ப நல்லதுதானே அண்ணை," என்றாள். "இல்லையெண்டால் நல்லதுதானே?"

நல்லதுதான். எனக்கும் அப்படித்தான் பட்டது. குரல் போய்விட்டால் பிறகு ஏன் பல்லைப் பிடுங்கவேண்டும்? வேண்டாம் என்று வைத்தியருக்குக் கை காட்டினேன். அவர் பயப்படவேண்டாம் ஐயா என்று கையைப் பிடித்துக் கீழே வைத்தார். வேண்டாம் என்று சொன்னேன். வாயிலிருந்து வந்தது சொல்லில்லை. அவர் பல் பிடுங்குகிற குறட்டைக் கையில் எடுத்தார்.

நோகவில்லை. ஒன்றுமே தெரியவில்லை. எலும்பிலிருந்து பல் கழலுகிற சத்தம் மட்டும் தலைக்குள் கேட்டது.

வாயில் பஞ்சோடு பஸ்ஸில் வந்தேன். இறங்குகிற இடத்தில் தம்பிராசா சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றார். தலையை ஆட்டினார்.

"எமில் வீட்டை போறியளோ? நானும் இப்பத்தான் போயிட்டு வாறன்."

கேற்றடியில் ஆட்கள் நின்றார்கள். கதிரை வந்திறங்கிக்கொண்டிருந்தது. உள்ளே எமில்ராஜ் கட்டிலில் கிடந்தான். மத்தியானம் சாப்பிட்டுவிட்டுப் படுத்தவன் எழும்பவில்லை. முகத்தில் ஒரு நோவும் இல்லை. நெற்றியைத் தொட்டேன். என்ரை விரலும் விறைத்திருந்ததா, அவன்தான் குளிர்ந்து கிடந்தானா என்று தெரியவில்லை.

கிறிஸ்ரினா சுவரில் சாய்ந்து இருந்தாள். அழவில்லை. என்னைக் கண்டதும் பக்கத்தில் இருந்த பெண்ணை விலக்கி இடம் விட்டாள்.

"ஏனண்ணை அப்பிடிச் செய்தனியள்?" என்றாள்.

என்ன என்று கையால் கேட்டேன்.

"சாப்பிட்டுக்கொண்டு இருக்கேக்கை உங்கடை குரல் ஒழுங்கையாலை வந்தது. முதல் இவரின்ரை தாய் தேப்பன்ரை பேர். பிறகு என்ரை பேர். எனக்கு நல்ல கோவம். உந்தக் கிழவனுக்கு விசரோ எண்டன். இவர் கோவிக்கேல்லை. சத்தம் போடாதை, கேப்பம் எண்டார்."

பக்கத்தில் இருந்த பெண் அவளின் தோளைப் பிடித்தாள்.

"சோத்துக் கோப்பையை வைச்சிட்டுக் கேற்றடிக்குப் போனவர். பேத்தியின்ரை பேர் வந்த உடனை சிரிச்சார். பாத்தியா, அண்ணை மதுஷாவின்ரை பேரையும் சேர்த்திட்டார் எண்டார்."

எனக்குச் சொல்ல வேண்டும். நான் யாழ்ப்பாணத்தில் கதிரையில் கிடந்தேன் என்று சொல்ல வேண்டும். வாயைத் திறந்தேன். பஞ்சுதான் வெளியே வந்தது. இரத்தமாக.

அவள் அதைக் கவனிக்கவில்லை.

"உங்களுக்குக் கை காட்டினவராம். நீங்களும் காட்டினியளாம். நிப்பாட்டாமல் போயிட்டியள். வந்து, கையைக் கழுவிப்போட்டு, கொஞ்சம் படுக்கிறன் எண்டார்."

முற்றத்தைப் பார்த்தாள். நானும் பார்த்தேன். மாமரத்துக்குக் கீழே எமில்ராஜின் ஓட்டோ நின்றது. அதன் மேல் இரண்டு நாள் இலை கிடந்தது. ஒலிபெருக்கி கழற்றி விறாந்தையில் கவிழ்த்து வைத்தபடி.

"எங்கடை ஓட்டோ உதிலை நிண்டது," என்றாள். "நீங்கள் எதிலை அண்ணை வந்தனியள்?"